ஹேர் டை பாக்கெட்டுக்குள் இருந்த துண்டுத்தாள்

என் அக்காவின் மூத்த மகளுக்கு 1996 தை மாதம் மாயவரத்தில் கல்யாணம். அந்த ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு எத்தனை தடவை புரட்டினாலும், பெண்ணைப் பெற்றவள் முகம் நேராகத் தெரிகிற படம் ஒன்றுகூடக் கிடைக்காது. தாரை வார்க்கும்போது முந்தானையை இழுத்து நெற்றிவரை மூடிக்கொண்டு குனிந்து நிற்பாள். மற்றப் படங்களில் யாருக்காவது பின்னால் இருப்பாள். சம்பந்தி வீட்டார், "பெண்ணைப் பிரிகிற துக்கம், அழுதுகொண்டே இருக்கிறாள்" என்று நினைத்தார்கள். நாங்களும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

நடந்தது வேறு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், "தம்பி, கடைத்தெருப் பக்கம் போனா ஒரு ஹேர் டை பாக்கெட் வாங்கிட்டு வாயேன்" என்றாள் அக்கா. வாங்கி வந்தவன் நான்தான். அவள் கை மருதாணி கலைந்துவிடும் என்று, பாக்கெட்டைக் கத்தரித்துக் கிண்ணத்தில் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொடுத்தவனும் நான்தான். பாக்கெட்டுக்குள் நாலாக மடித்த ஒரு துண்டுத்தாள் இருந்தது. பொடி எழுத்து. கண்ணாடி பக்கத்தில் இல்லை. அட்டைப் பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன். அக்கா தலையில் பூசிக்கொண்டாள். இடது புருவத்தில் நாலைந்து நரை தெரிந்தது, அதிலும் ஒரு தீற்று.

மறுநாள் காலையில் இரண்டு கண்ணும் திறக்கவில்லை. நெற்றியும் காதும் வீங்கி, காதோரம் நீர் கசிய ஆரம்பித்திருந்தது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டு, ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "என்ன சார், கெமிஸ்ட்ரி வாத்தியார் நீங்க. உள்ளே இருக்கிற பேப்பரைப் படிக்கலையா?" என்றார். அக்கா, "ஏழெட்டு வருஷமா இதேதான் போடறேன் டாக்டர், ஒண்ணும் பண்ணினதில்லையே" என்று முனகினாள். அவர் அதற்கு, "அதனாலதாம்மா" என்றார். அந்த ஒரு சொல் அப்போது எனக்கும் புரியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் வேதியியல் பாடம் நடத்தியவன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தத் துண்டுத்தாளை உட்கார்ந்து படித்தேன். வேறொரு பாக்கெட்டில் இருந்தது. நீங்களும் உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தோலில் எரிச்சல் உண்டாக்கக்கூடிய பொருள் இதில் உண்டு, முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், இமை முடிக்கோ புருவத்துக்கோ பூசக்கூடாது, பூசினால் பார்வை போகலாம் என்று இருக்கும். ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். தலைக்குப் பூசுகிற சாயத்தில் இமை முடியைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்தமாக எழுதியிருக்கிறார்கள்? நம் ஊரில் யார் இமைக்குச் சாயம் பூசுகிறார்கள்? இந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு போனதில், 1933-ஆம் வருஷத்து அமெரிக்காவில் போய் நின்றேன்.

அங்கே அப்போது 'லாஷ் லூர்' என்று ஒரு சாயம். அழகு நிலையங்களில் பெண்களுக்கு இமை முடியிலும் புருவத்திலும் பூசுவார்கள். தினம் தினம் மை தீட்ட வேண்டாம், ஒரு தடவை பூசினால் வாரக்கணக்கில் நிற்கும் என்பது அதன் பெருமை. உள்ளே இருந்தது பாரா ஃபீனைலீன் டையமீன், சுருக்கமாகப் பி.பி.டி. ஓஹியோ மாநிலத்தில் டேட்டன் என்கிற ஊரில் ஒரு தாய். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அவருக்கு ஒரு மரியாதை செய்ய ஏற்பாடு செய்திருந்தது. அதற்காக அழகு நிலையம் போனவருக்கு லாஷ் லூர் பூசினார்கள். அன்றைக்கே கண் எரிய ஆரம்பித்தது. பிறகு இரண்டு கண்ணிலும் புண்ணாகி, பார்வையே போய்விட்டது. அவர் ஒருவர் மட்டும் இல்லை. அந்தச் சாயத்தால் கண் கெட்டவர்களைப் பற்றி அதே வருஷம் மருத்துவ இதழ்களில் டாக்டர்கள் எழுதினார்கள். ஒரு பெண்மணி புண்ணில் கிருமி ஏறி இறந்தே போனார்.

இவ்வளவு நடந்தும் அரசாங்கத்தால் அந்தப் பாட்டிலைக் கடையிலிருந்து எடுக்க முடியவில்லை. அங்கே 1906-இல் போட்ட சட்டம் உணவுக்கும் மருந்துக்கும்தான். அழகு சாதனம் என்ற சொல்லே அதில் கிடையாது. 'இது நோயைத் தீர்க்கும்' என்று பொய் சொல்லி விற்றால் பிடிக்கலாம். 'இது அழகாக்கும்' என்று சொல்லிவிட்டு எதை வேண்டுமானாலும் விற்கலாம். அதே காலத்தில் 'கொரெம்லு' என்று ஒரு க்ரீம், வேண்டாத முடியை உதிர்க்க. அதில் இருந்தது தாலியம் உப்பு. எலிக்கு வைக்கிற மருந்து! முடி உதிர்ந்தது உண்மைதான், பூசிய இடத்தில் மட்டும் இல்லை, தலையிலும். கை கால் விளங்காமல் போனவர்களும் உண்டு.

கையைக் கட்டிப்போட்டிருந்த அந்த உணவு மருந்து நிர்வாகத்தார் ஒரு காரியம் செய்தார்கள். இந்தப் பாட்டில்களையும் டப்பாக்களையும், பாதிக்கப்பட்டவர்களின் படங்களையும் சேர்த்து ஒரு கண்காட்சியாக வைத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் அதற்கு 'கோரக் காட்சிக்கூடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். டேட்டன் பெண்மணியின் முன்னும் பின்னுமான இரண்டு படங்கள் அதில் இருந்தன. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் வந்து பார்த்தவர், அந்தப் படத்தைப் பார்க்கத் தாங்கவில்லை என்றாராம்.

படம் மனதை உருக்கியது, சட்டத்தை அசைக்கவில்லை. 1933-இல் கொண்டுவந்த மசோதா ஐந்து வருஷம் இழுபட்டது. அதைத் தூக்கிச் சுமந்தவர் ராயல் கோப்லண்ட் என்ற செனட்டர். அரசியலுக்கு வருமுன் கண் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் அவர் என்று படித்தபோது எனக்கு ஒரு நிமிஷம் மனசு அங்கேயே நின்றது. மருந்துக் கம்பெனிகளும், அழகு சாதனக் கம்பெனிகளும், அவர்கள் விளம்பரத்தில் பிழைத்த பத்திரிகைகளும் ஒரு பக்கம். பிறகு 1937-இல் வேறொரு விபரீதம். சல்ஃபனிலமைடு என்ற நல்ல மருந்தைக் குழந்தைகளும் குடிக்கும்படி இனிப்புத் திரவமாக்க, ஒரு கம்பெனி டை எத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றது. சுவை, மணம், நிறம் மூன்றையும் சோதித்தார்கள். விஷமா என்று மட்டும் சோதிக்கவில்லை. நூறு பேருக்கு மேல் செத்தார்கள், பலர் குழந்தைகள். அப்போதும் பழைய சட்டப்படி பிடிக்க முடிந்த குற்றம் என்ன தெரியுமா? பெயரில் 'எலிக்ஸர்' என்று இருக்கிறது, ஆனால் உள்ளே சாராயம் இல்லை, ஆகவே பெயர் தப்பு என்பதுதான்!

இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் மசோதா நகர்ந்தது. 1938 ஜூன் 25-ஆம் தேதி ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். கோப்லண்ட் அதற்கு எட்டு நாள் முன்பு இறந்துபோனார். புதிய சட்டத்தில் முதன்முதல் பறிமுதல் செய்த பொருள் லாஷ் லூர்.

இங்கேதான் ஒரு நெளிவு. நிலக்கரித் தாரிலிருந்து வரும் சாயங்கள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது எல்லோருக்கும் தெரியும். (பெர்க்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் 1856-இல் கொய்னா செய்யப் போய் ஊதாச் சாயம் செய்த கதையைப் பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை வருஷம் சொல்லியிருக்கிறேன்! அந்த வம்சம்தான் இவையெல்லாம்.) தீங்கு செய்யும் பொருளை விற்கக்கூடாது என்று கறாராகச் சட்டம் எழுதினால் ஹேர் டை வியாபாரமே படுத்துவிடும். ஆகவே அதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். தலைமுடிச் சாயத்தை விற்கலாம், ஆனால் மேலே எச்சரிக்கை எழுத வேண்டும், எப்படிச் சோதிப்பது என்றும் உள்ளே எழுத வேண்டும். அந்த எச்சரிக்கையின் வாசகத்தையும் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். சோதனைக்கூடத்தின் வேலையில் கடைசிப் பங்கை வாங்குகிறவர் தலையில், சரியாகச் சொன்னால் காதுக்குப் பின்னால், வைத்துவிட்டார்கள். இமையும் புருவமும் அந்த வாசகத்தில் இருப்பது டேட்டன் பெண்மணியாலும் அவரைப் போன்றவர்களாலும்தான்.

சரி, கம்பெனிகள் தங்கள் பங்குக்கு எப்படிச் சோதித்தார்கள்? இது கொஞ்சம் மனசைக் கஷ்டப்படுத்துகிற பகுதி. 1944-இல் அதே நிர்வாகத்தைச் சேர்ந்த ஜான் டிரெய்ஸ் என்பவரும் கூட வேலை பார்த்தவர்களும் ஒரு முறையை வெளியிட்டார்கள். வெள்ளை முயலின் ஒரு கண்ணில் 0.1 மில்லி அளவு சோதிக்க வேண்டிய பொருளை விடுவது. அடுத்த கண்ணை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விடுவது. 24, 48, 72 மணி நேரத்தில் பார்த்து, கருவிழி எவ்வளவு வெளுத்தது, எவ்வளவு சிவந்தது, எவ்வளவு வீங்கியது என்று மார்க் போடுவது. மொத்தம் 110 மார்க், அதில் கருவிழிக்கு மட்டும் 80. தலை மட்டும் வெளியே தெரிகிற பெட்டியில் முயலை நிறுத்திவைப்பார்கள், கையால் தேய்த்துக்கொள்ளக் கூடாதே என்று. முப்பது நாற்பது வருஷம் உலகம் முழுக்க ஷாம்பூவும் சோப்பும் இந்த முயல்களின் கண் வழியாகத்தான் நம் வீட்டுக் குளியலறைக்கு வந்தன.

அதைத் திருப்பிவிட்டதில் பெரிய பங்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு. எங்கள் இனம் என்பதால் கொஞ்சம் பெருமையோடு சொல்கிறேன். ஹென்றி ஸ்பைரா, நியூயார்க்கில் ஆங்கிலம் நடத்தியவர், அதற்கு முன் கப்பலில் வேலை செய்தவர். 1980 ஏப்ரல் 15-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குகிறீர்கள் என்று ரெவ்லான் கம்பெனியைப் பெயர் சொல்லிக் கேட்டார். அவர் ஆராய்ச்சியையே நிறுத்து என்று கேட்கவில்லை, மாற்று வழி கண்டுபிடிக்கப் பணம் ஒதுக்கு என்று கேட்டார். அந்த வருஷம் முடிவதற்குள் ரெவ்லான், ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு ஏழரை லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அடுத்த வருஷம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு மையம் வந்தது.

இப்போது என்ன செய்கிறார்கள் என்றால், இறைச்சிக்காக அறுத்த மாட்டின் கண்ணிலிருந்து கருவிழியை எடுத்து, அதன் மேல் பொருளை விட்டு, வெளிச்சம் எவ்வளவு மங்குகிறது என்று கருவியால் அளக்கிறார்கள். கோழியின் கண்ணிலும் செய்கிறார்கள். மனிதச் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்துத் தோல் மாதிரியும் கருவிழி மாதிரியும் அடுக்கடுக்காக உண்டாக்கி, அதில் பூசிப் பார்க்கிறார்கள். அந்தச் செல்களில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்பதுதான் விடை. ஐரோப்பாவில் 2013 மார்ச் 11 முதல், விலங்கின் மேல் சோதித்த அழகு சாதனங்களை விற்கவே முடியாது.

ஆனால் முயலின் கண் சொல்லாத ஒன்று உண்டு. டாக்டர் 'அதனாலதாம்மா' என்றாரே, அது. அமிலம் பட்டால் யாருக்கும் வேகும். ஒவ்வாமை அப்படி இல்லை. பி.பி.டி. போன்ற பொருள் சிறிய மூலக்கூறு. முடிக்குள் நுழையும்போது நிறமில்லாமல் நுழைந்து, உள்ளே ஆக்ஸிஜனோடு சேர்ந்து பெரிதாகிக் கறுத்து, வெளியே வர முடியாமல் தங்கிவிடும். அதனால்தான் தலைக்குக் குளித்தாலும் போவதில்லை. அதே சிறிய உருவத்தால் தோலுக்குள்ளும் நுழைந்து நம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். சிலருடைய உடம்பு அதை அந்நியன் என்று குறித்துவைத்துக்கொள்ளும். முதல் தடவை ஒன்றும் தெரியாது. பத்தாவது தடவையும் தெரியாமல் இருக்கலாம். என்றைக்கோ ஒருநாள் கணக்கைத் தீர்க்கும். அக்காவுக்கு அந்த நாள் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாளாக வாய்த்தது. ஏழெட்டு வருஷம் போட்டது அவளைக் காப்பாற்றவில்லை, அதுதான் தயார்ப்படுத்தியது.

இதைக் கண்டுபிடிக்கும் வழி, லாஷ் லூருக்கு முன்பே டாக்டர்களிடம் இருந்தது. யோசஃப் யாதாசோன் என்ற தோல் மருத்துவர் 1895-இல் சொன்னது. சந்தேகப்பட்ட பொருளைத் தோலில் ஒரு சிறு துண்டில் வைத்து ஒட்டிவிட்டு, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துப் பார்ப்பது. இன்றைக்கும் தோல் டாக்டர்கள் முதுகில் வரிசையாக ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, பிறகும் ஒருதரம் பார்க்கிறார்கள். குளிக்கக்கூடாது, வேர்க்கக்கூடாது. நம் ஊர் வெயிலில் அது ஒரு தவம்தான். அக்காவுக்கு ஆறு மாதம் கழித்துச் செய்தார்கள். ஒரு சதுரம் மட்டும் கன்றிச் சிவந்திருந்தது. பி.பி.டி.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே மருந்துச் சட்டம் 1940-இல் வந்தது. அதிலும் அழகு சாதனம் கிடையாது, அமெரிக்காவின் 1906 மாதிரியே. 1962-இல் திருத்தம் செய்து, 1964 முதல்தான் அது 'மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருள்கள் சட்டம்' ஆயிற்று. சாயத்துக்காக ஈயமும் ஆர்சனிக்கும் சேர்க்கக்கூடாது என்றெல்லாம் விதிகள் வந்தன. ஹேர் டைக்கு என்று தனி விதி, எண் 149. அதில் உள்ள எச்சரிக்கையை 1938 அமெரிக்கச் சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டொரு சொல்தான் மாறியிருக்கிறது. டேட்டனில் ஒரு தாய்க்கு நடந்தது கடல் தாண்டி, மாயவரம் கடைத்தெருவில் நான் வாங்கிய பாக்கெட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதைத்தான் குப்பையில் போட்டேன்.

அந்தத் தாளில் செய்முறையும் தெளிவாக இருக்கிறது. காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்புறத்திலோ சோப்புப் போட்டுக் கழுவி, குழைத்த சாயத்தில் ஒரு சிறு பொட்டு வைத்து, உலரவிட்டு, 24 மணி நேரம் கழித்துக் கழுவிப் பார்க்க வேண்டும். சிவப்போ அரிப்போ வீக்கமோ இருந்தால் பூசக்கூடாது. ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அக்கா கேட்ட கேள்விக்கு அந்த 'ஒவ்வொரு தடவையும்'தான் பதில். 24 மணி நேரத்துக்குப் பிறகு கிளம்புகிற ஒவ்வாமையும் உண்டு என்பதால், நான் இரண்டு நாள் விட்டுத்தான் பார்க்கிறேன்.

2014 மே மாதம் இந்தியாவிலும் அழகு சாதனங்களை விலங்குகளின் மேல் சோதிக்கத் தடை வந்துவிட்டது. அதே வருஷக் கடைசியில், அப்படிச் சோதித்த பொருளை இறக்குமதி செய்யவும் தடை. 2020 முதல் அழகு சாதனங்களுக்கென்றே தனி விதிகள் இருக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் சட்டம் கம்பெனி பெயரும் முகவரியும் உள்ள பெட்டியைத்தான் பிடிக்கும். திருவிழாக் கடையில் 'பத்து நிமிஷத்தில் கறுப்பாகச் சிவக்கும்' என்று மருதாணிக் கூம்பு விற்கிறானே, அதை யார் சோதித்தது? மருதாணி இலை ஒருநாளும் கறுப்பாகப் பிடிக்காது, இது நம் பாட்டிகளுக்கே தெரியும். அந்தக் கறுப்பு பெரும்பாலும் பி.பி.டி.தான், அதுவும் அளவு கணக்கில்லாமல். ஐரோப்பாவில் தலையில் பூசும் கலவையிலேயே 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்கிறார்கள், தோலில் நேராகப் பூசவே அனுமதி இல்லை. இங்கே குழந்தை கையில் மயில் போட்டுவிடுகிறார்கள். சிறு வயதில் அப்படிப் பழகிய உடம்பு, நாற்பது வயதில் நரைக்குச் சாயம் பூசும்போது கணக்கைத் தீர்க்கலாம்.

அக்காவுக்கு இப்போது எழுபத்தெட்டு. அன்றைக்குப் பிறகு தலைக்கு ஒன்றும் பூசியதில்லை, முழுக்க வெள்ளை, நன்றாகத்தான் இருக்கிறது. என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஆல்பத்தை யாராவது எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

போன ஆவணியில் அவள் பேத்திக்கு நிச்சயதார்த்தம். பெண் தலைக்கு ஏதோ செம்பு நிறம் பூச வேண்டும் என்றாள். அக்கா மறுக்கவில்லை. பாக்கெட்டை வாங்கி, உள்ளே இருந்த தாளை எடுத்து என்னிடம் நீட்டி, "கண்ணாடி போட்டுண்டு சத்தமாப் படி தம்பி" என்றாள். படித்தேன். பேத்தியின் காதுக்குப் பின்னால் அவளே தீக்குச்சியால் தொட்டு ஒரு பொட்டு வைத்தாள். இரண்டாம் நாள் காலையில் வாசல் வெளிச்சத்துக்கு அவளைக் கூட்டி வந்து, காதை மடக்கிப் பார்த்தாள். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னாள். பிறகு மருமகனையும் கூப்பிட்டாள்.